பலூனுக்குத் தெரியாதது இரத்தத்துக்குத் தெரியும்

ரத்தோட்டையில் இருந்து ரிவஸ்டன் ஏறி, இலுக்கும்புர வழியாக லக்கல பல்லேகமவுக்கு இறங்கும் வீதி வளைவுகள் நிறைந்தது. மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வரும் வாகனம் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். அங்கே ஓட்டும் சாரதிக்கு நிதானம் எவ்வளவு தேவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த நிதானத்தைச் சோதிக்கப் பொலிஸார் நம்புவது, மூச்சை ஊதவைத்துப் பார்க்கும் பலூனைத்தான்.

பலூன் அந்த நேரத்துப் போதையை மட்டுமே காட்டும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது இலங்கையின் சட்ட எல்லை. உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராமைக் கழித்துவிடும். இரவு பத்து மணிக்கு 150இல் இருந்தவர், காலை ஐந்தரைக்கு பஸ்ஸை எடுக்கும்போது 40ஐ ஒட்டி இறங்கியிருப்பார். தினமும் இப்படிக் குடித்தாலும் பலூன் அவரைப் பிடிக்காது.

நாட்பட்ட குடியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகள் வேறு. அவற்றில் முக்கியமானது சி.டி.டி. இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரின் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. விடாமல் குடிப்பவரிடம் இந்தச் சங்கிலி குறைந்த புரதம் பெருகுகிறது. 1970களில் சுவீடனின் ஹெலெனா ஸ்டிப்லர் இதைக் கண்டறிந்தார். நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் மதுசாரம் இரண்டு வாரம் உள்ளே போனால் அளவு உயரத் தொடங்கும். கால் போத்தல் சாராயத்திலேயே ஏறக்குறைய 48 கிராம் இருக்கிறது. ஈரல் நொதியான ஜி.ஜி.டி.யும் உயரும், ஆனால் கொழுப்பு ஈரலும் சில மருந்துகளும் அதை உயர்த்தும் என்பதால் அதை மட்டும் வைத்து யாரையும் குடிகாரர் என்று சொல்லக்கூடாது. பெத் என்ற பரிசோதனை இன்னும் துல்லியம். மதுசாரம் இருந்தால்தான் அது தேடும் பொருளே இரத்தத்தில் உருவாகும். இரண்டு முதல் நான்கு வாரம் தடயம் நிற்கும்.

பிரித்தானியாவில் மதுசாரத்தின் சட்ட எல்லையைப் போல் இரண்டரை மடங்கு தாண்டிய சாரதியும், பத்து ஆண்டுகளுக்குள் இரண்டு முறை பிடிபட்டவரும் 'அதிக ஆபத்து' வகையில் சேர்வார்கள். தடைக்காலம் முடிந்தாலும் மருத்துவப் பரிசோதனையிலும் சி.டி.டி.யிலும் தேறினால்தான் அனுமதிப்பத்திரம் திரும்பும்.

இங்கும் எல்லாச் சாரதிகளையும் ஊசியால் குத்தவேண்டாம். மதுபோதையில் திரும்பத் திரும்பப் பிடிபடும் பஸ், லொறிச் சாரதிகளிடம் தொடங்கலாம். தேறாத சாரதியை வேலையை விட்டுத் துரத்தாமல் சிகிச்சைக்கு அனுப்பவேண்டும். அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. குடியை நிறுத்தினால் சி.டி.டி. சில வாரங்களில் இறங்கிவிடும். அவர் மீண்டதையும் அதே பரிசோதனையே காட்டும்.