நுரையீரலழற்சி: காவலும் கேடும்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, வெம்மையுற்று நோவதை நாம் அனைவரும் அறிவோம். கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் செல்சசு இந்நான்கையும் அழற்சியின் குறிகளாக எழுதிவைத்தார். பகைக் கிருமியை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் காவலே அழற்சி. காலிலே அது சில நாள் வேதனை. நுரையீரலிலோ மூச்சையே தடுக்கவல்லது.

1881 ஆம் ஆண்டிற் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட நியூமோகொக்கசு என்னும் பற்றீரியா, நியூமோனியாக் காய்ச்சலுக்குப் பெருங்காரணமாகும். இது நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளை அடைந்ததும் அங்குள்ள விழுங்கு கலங்கள் இரசாயனப் பொருள்களைச் சுரந்து உதவி வேண்டுகின்றன. அருகிலுள்ள நுண்குருதிக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர்களினூடாக வெண்குருதிக் கலங்களும் நீரும் சிற்றறைகளுட் புகுகின்றன. கிருமிகள் அழிகின்றன. ஆனால், காற்று நிற்கவேண்டிய இடத்தில் நீர் நிற்பதால் ஒட்சிசன் குருதியைச் சென்றடைவதில்லை. இவ்வாறு இறுகிய நுரையீரல் ஈரலை ஒத்திருப்பதை 1819 இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் விவரித்தார்.

போர் முடிந்தபின் படை கலையவேண்டும். இறந்த வெண்கலங்களை விழுங்கு கலங்கள் அகற்ற, நீரும் வற்றினால், நுரையீரல் பெரும்பாலும் முன்போலாகும். படை கலையாவிடின் வெண்கலங்களின் நொதியங்கள் நம் இழையங்களையே அரிக்கும்.

பெனிசிலின் கிருமியைக் கொல்லும். தேங்கிய நீரை வற்றச் செய்யாது. காய்ச்சல் தணிந்த பின்னரும் இருமலும் களைப்பும் சில வாரம் நீடிப்பது இதனாலேயே. 2023 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், கடும் நியூமோனியாவுற்றோர்க்கு வழமையான சிகிச்சையோடு அழற்சியைத் தணிக்கும் ஐதரோகோட்டிசோனும் கொடுக்கப்பட்டது. அம்மருந்து பெறாதோருள் 28 நாளில் இறந்தோர் நூற்றுக்கு 11.9, பெற்றோருள் 6.2. எனினும் எல்லா நோயாளர்க்கும் இது பொருந்தாது. காவலை அளவுமீறித் தளர்த்தினாற் கிருமி ஓங்கும். ஆகவே இதனைத் தாமாக உட்கொள்ளுதல் தகாது.

காய்ச்சலின் அளவை மட்டும் பார்த்திருத்தல் போதாது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். மூச்சு விரைந்து வாங்குமாயின், காய்ச்சல் குறைந்திருப்பினும் தாமதியாது மருத்துவமனையை நாடுவோமாக.