பழம் பொறியிற் பொதிந்த குரல்

சிறுவர் விளையாட்டாகக் கற்றற்பொருட்டு ஆக்கப்பட்ட கையடக்கப் பொறிகள் பல இன்று பரண்களில் ஒடுங்கிக் கிடக்கின்றன. அவற்றினுள்ளே அடைபட்ட ஒலியையும் ஓவியத்தையும் வெளிக்கொணருமாறு யாது என்பதை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

அமெரிக்க நாட்டு ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தார் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பீக் அன்ட் ஸ்பெல்' என்னும் பொறியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சொல்லை ஒலிக்கும். மாணவன் அதன் எழுத்துக்களை முறையே அழுத்திக் காட்டல் வேண்டும். குரலை வினாடிக்கு 8,000 மாதிரிகளாக, மாதிரிக்கு 8 பிற்றாகப் பதிவதாயின் 64,000 பிற்றுக்கள் வேண்டும். அப்பொறியின் இரு நினைவகச் சில்லுக்களும் கொள்வன ஏறத்தாழ 262,000 பிற்றுக்களே. நான்கு வினாடிப் பேச்சோடு இடம் தீர்ந்துவிடும்.

ஆதலின், அதனை ஆக்கியோர் குரலைப் பதியாது குரல் பிறக்கும் முறையைப் பதிந்தனர். தொல்காப்பியப் பிறப்பியலைக் கற்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும். 25 மில்லி வினாடிக்கு ஒருமுறை ஒலியின் வலிமை, சுருதி, மிடறும் வாயும் கொள்ளும் வடிவைக் குறிக்கும் பத்து எண்கள் ஆகியன குறிக்கப்பட்டன. இவற்றுக்கு வினாடிக்கு 2,000 பிற்றுக்களுக்குக் குறைவாகவே போதும்.

இனி, வெளிக்கொணரும் முறையைக் காண்பாம். சில்லின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு. சிறு கருவியொன்றை இணைத்து முதன் முகவரி தொடங்கி இறுதிவரை வினவி, வரும் விடைகளைக் கணினியில் ஒரு கோப்பாக எழுதுவர். மீண்டும் ஒருமுறை படித்து இரு படிகளையும் ஒப்புநோக்குவர். வேறுபடின் இணைப்பிற் பிழையுளது என்பது தெளிவு.

எனினும், படியெடுத்தல் பாதிப்பணியே. பழைய ஏடுகளிற் புள்ளி இடப்படாமையால், மொழியறிந்தோனே மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்துணர்வான். இங்கும் அவ்வாறே. நினைவகத்திலுள்ள எண்கள் வெறுங் குறிகள். அவற்றின் பொருளைக் கூறும் அட்டவணை பேசுஞ் சில்லின் உள்ளே இருக்கின்றது. பிற்காலச் சில்லொன்றன் அட்டவணையைக் கொண்டு படித்தாற் குரல் திரிந்துவிடும்.

பொறிதோறும் முறை வேறுபடும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த லீப்ஸ்ரர் என்னும் பொறியின் ஆட்டங்கள் பிளாஷ் முறையைத் தழுவியவை. ஆதலின், அங்கே கோடும் வளைவுமாக விவரிக்கப்பட்ட உருவங்களைத் தேடல் வேண்டும். இசையும் சில பொறிகளில் ஒலிப்பதிவாக இருக்கும். சிலவற்றில் எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்னும் கட்டளைகளாகவே இருக்கும். பின்னையதை மீட்க, அக்கட்டளைகளை ஏற்று நடக்கும் பொறியையும் கணினியிற் போலச்செய்தல் வேண்டும். 1997ஆம் ஆண்டில் தோன்றிய 'மேம்' என்னும் மென்பொருள் இத்தகைய பணியைச் செய்கின்றது.

இப்பொறிகள் நெடுங்காலம் நில்லா. கசிந்த மின்கலம் செப்புத் தடங்களை அரிக்கும். சிலவகை நினைவகங்களிற் பதிந்த மின்னேற்றம் ஆண்டுகள் செல்லச் செல்ல நீங்கும். அங்ஙனம் அழிந்தபின் மீட்டற்கு வழியில்லை. ஆகவே, அறிவியல் பயிலும் மாணவர் தம் வீட்டுப் பழம் பொறியை எறியுமுன், முதற்கண் மின்கலங்களை அகற்றி உலர்ந்த இடத்தில் வைப்பாராக. எடுத்த படியைத் தம் ஆராய்ச்சிக்கே கொள்க. பிறர்க்குரிய ஆக்கத்தை விற்றலும் பரப்பலும் பதிப்புரிமைக்கு மாறாம்.