கோலைச் சுற்றிய சர்ப்பம்



நமது மருத்துவமனையைப் பார்க்கச் சபைகளிலிருந்து குழுவாக வருகிறவர்கள் வாசல் பலகையைக் கண்டவுடன் எங்களிடம் கேட்பதுண்டு: "ஐயரே, இது கிறிஸ்தவ ஆஸ்பத்திரிதானே? பாம்பு படம் எதற்கு?" நியாயமான கேள்விதான். ஏதேன் தோட்டத்தில் ஏவாளை வஞ்சித்த பிராணி, வியாதியஸ்தரை வரவேற்கும் பலகையில் ஏறியது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பலகையிலிருப்பது ஒரு கோல், அதைச் சுற்றி ஒரு பாம்பு. இது கிரேக்கர் தந்த அடையாளம். அவர்கள் அஸ்கிலேப்பியஸ் என்னும் வைத்திய தெய்வத்தை இவ்வாறு கோலும் பாம்புமாகச் சித்திரித்தார்கள். கிரேக்க நாட்டு எப்பிடாரஸ் என்ற ஊரில் அவனுக்குப் பெரிய கோயில் இருந்தது. நோயாளிகள் இரவில் அங்கே படுத்துறங்கி, கனவில் சுகம் தேடினார்கள். விஷமற்ற பாம்புகளை அங்கே வளர்த்தார்கள். சட்டையை உரித்துவிட்டுப் புதிதாக வெளிவரும் பிராணி என்பதால், நோய் நீங்கிப் புது உடம்பு பெறுவதற்கு அதை அடையாளமாகக் கொண்டார்கள் என்று பலர் விளக்குவார்கள். கி.மு. 293-ல் ரோமாபுரியில் கொள்ளைநோய் கண்டபோது, எப்பிடாரஸிலிருந்து ஒரு பாம்பைக் கப்பலில் கொண்டுவந்ததாகவும், அது தைபர் நதியின் நடுவிலிருந்த தீவில் இறங்கிக்கொண்டதாகவும் ரோமர் கதை சொல்லுகிறது. அங்கே அஸ்கிலேப்பியஸுக்குக் கோயில் எழுந்தது. பதினாறாம் நூற்றாண்டு முதல் அதே தீவில் ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை நடந்துவருகிறது.

கிரேக்கருக்கும் முன்னே போகலாம். மெசப்பொத்தாமியாவின் லகாஷ் நகரை ஆண்ட குதேயா என்பவன் காலத்துக் கல் பாத்திரம் ஒன்று பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அதில் இரண்டு பாம்புகள் ஒரு கோலில் பின்னிக்கொண்டு நிற்கின்றன. எகிப்தின் பார்வோன்களோ படமெடுத்த நாகத்தை நெற்றியில் தரித்துக்கொண்டார்கள்.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். வில்லியனூரிலிருந்து எந்தக் கிராமத்துக்குப் போனாலும், ஏரிக்கரையிலோ குளக்கரையிலோ அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடையில் நாகர் கற்களைப் பார்க்கலாம். மஞ்சள் பூசி, குங்குமம் இட்டிருப்பார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் நட்ட கற்களே அநேகம். அவற்றில் இரண்டு நாகங்கள் பின்னி, தலைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி செதுக்கியவை உண்டு. குதேயாவின் பாத்திரத்தையும் இந்தக் கல்லையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கைவேலையோ என்று தோன்றும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல நாங்கள் துணியமாட்டோம். பாம்புகள் இணையும்போது பின்னிக்கொள்வதை எந்தத் தேசத்து மனுஷனும் பார்த்திருக்கக் கூடும் அல்லவா! சமணரின் பார்சுவநாதருக்கும், தியானத்திலிருந்த புத்தருக்கும் நாகம் குடைபிடிக்கிறது. இலங்கையில் அனுராதபுரத்துப் பழைய கட்டடங்களின் வாசற்படிகளில் நாகராஜன் கையில் நிறைகுடத்தோடு காவல் நிற்கிறான். பாற்கடலைக் கடைந்த கதையிலும் கயிறாக இருந்தது வாசுகி என்ற பாம்புதான். ஆலகால விஷமும் அதில்தான் வந்தது, அமிர்த கலசத்தோடு தன்வந்திரியும் அதில்தான் வந்தார். ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் இடத்துக்குத் தன்வந்திரி நகர் என்றே பெயர் இருப்பதை நம் பக்கத்தார் அறிவார்கள்.

விஷமும் மருந்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்ற இந்த எண்ணம் வேதாகமத்துக்கு அந்நியமானதல்ல. எண்ணாகமம் 21-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களைக் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்தன. மோசே கர்த்தரின் கட்டளைப்படி வெண்கலத்தால் ஒரு சர்ப்பம் செய்து கம்பத்தில் உயர்த்தினான். கடிபட்டவன் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தான். கொன்றது எதுவோ அதன் சாயலே பிழைப்புக்கு ஏதுவாயிற்று. நமது ஆண்டவர் நிக்கொதேமுவோடு பேசியபோது தம்முடைய சிலுவையை இதற்கே ஒப்பிட்டார் (யோவான் 3-ம் அதிகாரம்). இஸ்ரவேலின் தென்கோடியில் திம்னா என்ற பள்ளத்தாக்கில் பழைய செப்புச் சுரங்கங்கள் உள்ளன. அங்கே 1969-ல் தொடங்கிய அகழ்வாய்வில், மீதியானியருடையது என்று கருதப்படும் ஒரு வழிபாட்டிடத்தில், ஒரு சாண் நீளம்கூட இல்லாத செப்புப் பாம்பு கிடைத்தது. தலையில் மட்டும் பொன் பூசியிருந்தது. மோசேயின் சர்ப்பம் அதுவல்ல. ஆனால் அந்த வனாந்தரத்து மக்கள் செம்பில் பாம்பு வார்க்கத் தெரிந்தவர்கள் என்பது தெரிகிறது.

மோசேயின் சர்ப்பத்துக்கு நேர்ந்த கதியைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. ஜனங்கள் அதை வைத்துக்கொண்டு, பல தலைமுறை கழித்து, அதற்கே தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா ராஜா அதை நிகுஸ்தான் என்று சொல்லி உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18). கர்த்தர் செய்யச்சொன்ன பொருளாயிற்றே என்று அவன் தயங்கவில்லை. எங்கள் வாசல் பலகையைப் பற்றி எங்கள் மனநிலையும் அதுவே. அது ஒரு குறி, அவ்வளவே. ஆனால் இதைச் சாக்காக வைத்து அரசமரத்தடிக் கல்லைப் பழித்துப் பேசுகிறவர்களோடும் நாங்கள் சேருவதில்லை. அந்தக் கல்லின் முன் கண்ணீரோடு நின்ற பெண்களே பிற்பாடு எங்கள் பிரசவ வார்டில் படுத்திருக்கிறார்கள்.

சில டாக்டர்களின் கார்களிலும் மருந்துக் கடைகளிலும் இரண்டு பாம்பும் மேலே சிறகுமுள்ள கோலைப் பார்க்கிறீர்கள். அது வேறு கோல். வணிகருக்கும் தூதருக்கும் தெய்வமான ஹெர்மஸின் கோல் அது. 1902-ல் அமெரிக்க ராணுவத்தின் மருத்துவப் பிரிவு அதைச் சின்னமாக்கியதிலிருந்து குழப்பம் பரவியது. வியாபாரியின் கோல் வைத்தியசாலையில் ஏறியது சில இடங்களில் பொருத்தமே என்று சொல்லுகிறவர்களும் உண்டு! உலக சுகாதார நிறுவனம் 1948-ல் சின்னம் வகுத்தபோது ஒற்றைப் பாம்பையே எடுத்துக்கொண்டது.

"அப்படியானால் சிவப்புச் சிலுவை போடலாமே" என்பார்கள். போடக்கூடாது. செஞ்சிலுவை, யுத்தகளத்தில் காயம்பட்டவர்களையும் அவர்களுக்கு உதவுகிறவர்களையும் காக்க 1864-ம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட அடையாளம்; சுவிட்சர்லாந்து கொடியின் நிறங்களை மாற்றியமைத்தது. நம் நாட்டில் 1960-ம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி அரசின் அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவது குற்றம்.

ஆகவே பாம்பு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பாம்பு வெறும் படமும் அல்ல. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக் கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அப்போஸ்தலனாகிய பவுலை மெலித்தா தீவில் பாம்பு கவ்வியது விறகு வாரிப் போட்ட நேரத்தில். நம் தாய்மாரும் விறகு அள்ளும்போதே கடிபடுகிறார்கள். பவுலுக்குச் சேதம் வரவில்லை. அதை நம்பி மற்றவர்கள் காத்திருக்கலாகாது.

விஷமுறிவு மருந்தின் கதையில் நம் பிரெஞ்சுத் தொடர்பும் இருக்கிறது. சைகோன் பாஸ்டர் நிலையத்தில் பணிசெய்த ஆல்பெர் கால்மெத் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1890-களில் நாகவிஷத்துக்கு முதல் முறிவு மருந்தை உருவாக்கினார். விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பதே முறை; இன்றைக்கும் அதுவே அடிப்படை. நம் நாட்டு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும். அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்திருக்கிறது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இவர்கள். இப்போது பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கடிபட்டவர்கள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் நேரமாகிவிடுகிறது. மந்திரிக்கப் போயிருப்பார்கள், அல்லது கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கை கறுத்துப்போய் வருவார்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்தவரைக் கடிக்கும். பல் தடம்கூடத் தெரியாது. வயிற்று வலி என்று ஓம நீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் இமை தொங்கிவிடும். ஆகையால் உங்கள் வீட்டில் வேலைசெய்கிறவர்களுக்கும் சபையாருக்கும் சொல்லுங்கள்: கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்ததுபோல் அந்த உறுப்பை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிவாருங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர ஒரு நிமிஷமும் செலவிடவேண்டாம்.