தனியாகத் தாண்ட முடியாத வாசற்படி

1961-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சில ஆண்கள் ஒரு கூட்டத்துக்கு வந்தார்கள். அழைத்தவர் வர்ஜீனியா பிரின்ஸ். பெண்ணுடை உடுத்த விரும்பும் ஆண்களுக்காக அதற்கு முந்தைய ஆண்டு ‘டிரான்ஸ்வெஸ்டியா’ என்ற பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். வந்தவர்கள் அதன் வாசகர்கள். பெண்கள் அணியும் நீண்ட காலுறை ஒரு ஜோடி, குதிகால் உயர்ந்த செருப்பு ஒரு ஜோடி, இவற்றை வெளியே தெரியாமல் எடுத்துவர வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பேசிப் பழகிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அவற்றை அணிந்துகொண்டார்கள். முதல் ஆளாக அகப்பட்டுக்கொள்ளும் அச்சம் எவருக்கும் இல்லை. ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கவும் எவருக்கும் இடமில்லை. காட்டிக்கொடுக்க நினைப்பவர் தானும் சேர்ந்தே மாட்டுவார். இத்தனை முன்னெச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. தன் பாலுக்கு உரியதல்லாத உடையில் பொது இடத்தில் தோன்றுவதை ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1848-இலேயே குற்றமாக்கியது. சான்பிரான்சிஸ்கோ 1863-இல் அதே வழியில் போட்ட சட்டம் 1974 வரை நீடித்தது. அந்த மனிதர்கள் அஞ்சியது கேலிக்கு மட்டுமல்ல, கைவிலங்குக்கும்தான்.

பெண்ணுடை உடுத்தும் ஆண்களை ஆங்கில வழக்கில் கிராஸ்டிரெஸ்ஸர் என்கிறார்கள். தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து வாழும் திருநங்கைகளிலிருந்து இவர்கள் வேறு. இவர்களில் பலர் தம்மை ஆண் என்றே கருதுகிறவர்கள். மனைவி, பிள்ளை, அலுவலகம் எல்லாம் உள்ளவர்கள். இந்த எல்லைக்கோடு எல்லோருக்கும் அழுத்தமாக விழுவதில்லை என்பதும் உண்மை. சிலர் காலப்போக்கில் கோட்டின் மறுபக்கத்தில் தம்மை அடையாளம் காண்கிறார்கள். பூட்டிய அறையில் புடவை கட்டிக் கண்ணாடி முன் நிற்கும் ஒருவர், அதே புடவையில் தெருவில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க ஏன் அத்தனை தவிக்கிறார், அந்தத் தவிப்பு எப்படி நீங்குகிறது என்பதே இங்கே கேள்வி. “மனத்தில் துணிச்சல் வேண்டும், அது வந்துவிட்டால் போதும்” என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் தவறு என்று நினைக்கிறேன். இந்தத் துணிச்சல் வீட்டுக்குள் சேர்த்துவைத்துக்கொண்டு வெளியே எடுத்துப்போகும் பொருள் அல்ல. அது வெளியேதான் விளைகிறது. அதில் பாதி அந்த மனிதருடையது; மறுபாதி அவரோடு நடப்பவர்களுடையதும், அவரைப் பார்க்கும் தெருவுடையதும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் பிறக்கிறது என்றது. தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடல் காட்டும் படபடப்பைத் தான் புரிந்துகொள்ளும் விதம் ஆகியவை அந்த நான்கு. இவற்றில் வலிமை மிக்கது முதலாவது. கண்ணாடி முன் நிற்பவருக்கு இது கிடைப்பதே இல்லை. ஒப்பனையை இன்னும் கொஞ்சம் திருத்தலாம், விக்கை மாற்றலாம், நடையைப் பழகலாம் என்று அவர் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறார். கதவுவரை போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் மனத்துக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே திரும்பிவந்ததற்குப் பரிசாகிவிடுவதால், அடுத்த முறை கதவைத் தாண்டுவது இன்னும் கடினமாகிறது. அச்சத்துக்குச் சிகிச்சை தரும் வல்லுநர்கள் நன்கறிந்த சுழல் இது. இதை உடைக்க அவர்கள் சொல்லும் வழி, அச்சத்தைச் சிறுசிறு அளவில் நேரில் சந்தித்து, அது தானாகத் தணியும்வரை அங்கேயே இருப்பது. இரவில் காரில் ஒரு சுற்று, பிறகு காரைவிட்டு இறங்கி நாலு அடி, பிறகு முன்பே விஷயம் தெரிந்த ஒரு கடை. இந்தப் படிகளுக்கு அழகோ கச்சிதமான ஒப்பனையோ தகுதியாகத் தேவைப்படுவதில்லை.

பிறர் நம்மையே பார்க்கிறார்கள் என்ற உணர்வைப் பற்றியும் சோதனைகள் நடந்திருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் உடனாய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட் ஒன்றை அணியவைத்து மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒருவர் அளவுக்குத்தான். இதைக் காட்டி, ‘யாரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள், தைரியமாகப் போ’ என்று தேற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் டி-ஷர்ட்டுக்குப் பொருந்துவது சேலைக்கு முழுக்கப் பொருந்தாது. தாடை அகன்ற, தோள் அகன்ற ஒருவர் சேலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் நம் ஊரில் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். பொய்யான தேற்றல் முதல் பார்வையிலேயே உடைந்துபோகும். இதைவிடப் பயனுள்ள முடிவை அதே துறையின் இன்னோர் ஆய்வு தருகிறது. மேடையில் பேசப் போகிறவர்களிடம், ‘உங்கள் உள்நடுக்கம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை’ என்று முன்கூட்டியே எடுத்துச்சொன்னபோது அவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள் என்று 2003-இல் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் காட்டினார்கள். சேலையைத் தெரு பார்க்கும். நெஞ்சுக்குள் நடக்கும் இடியை அது பார்க்காது. இந்த இரண்டையும் பிரித்தறிந்த மனிதர் பார்வைகளைத் தாங்கிக்கொள்கிறார். ஒரு பார்வைக்குப் பின்னால் ஏளனம் இருக்கலாம், வெறும் ஆர்வம் இருக்கலாம், ‘இந்தப் புடவை எங்கே எடுத்தது’ என்ற யோசனைகூட இருக்கலாம்.

துணை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதிக்குப் போக வேண்டும். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் சுசானா வேலண்டி என்ற பெண் பெயரில் அறியப்பட்டவரும் அவருடைய மனைவி மரீயும் அங்கே ஒரு விடுதி நடத்தினார்கள். வார இறுதியில் நகரங்களிலிருந்து ஆண்கள் வருவார்கள். வந்ததும் உடை மாற்றிக்கொண்டு பெண் பெயரில் அழைக்கப்படுவார்கள். மரீக்கு விக் வியாபாரம். சமைப்பது, சீட்டாடுவது, புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது என்று பொழுது போகும். அந்த விடுதியின் புகைப்படங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு நியூயார்க்கின் பழம்பொருள் சந்தையில் கிடைத்து, 2005-இல் ‘காசா சுசானா’ என்ற புத்தகமாயின. படங்களில் இருப்பவர்கள் நாடக வேடத்தில் மிகைப்படுத்தி நிற்கவில்லை. அன்றைய நடுத்தரக் குடும்பப் பெண்களைப் போல அடக்கமாக உடுத்தி, காப்பிக் கோப்பையோடு இயல்பாக இருக்கிறார்கள். பண்டூரா சொன்ன இரண்டாவது வழி இங்கே கண்முன் நடந்தது. தன்னைப் போன்ற ஒருவர் சிரித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவருக்கு அது முடியாத காரியம் இல்லை என்று விளங்கிவிட்டது. பிரிட்டனில் இத்தகையவர்களுக்காக 1966-இல் தொடங்கிய போமாண்ட் சொசைட்டி இன்றும் இயங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசின் தூதராகவும் ஒற்றராகவும் இருந்து, பின்னர் பெண்ணாக வாழ்ந்த தியோன் த போமாண்டின் பெயரைத் தாங்கியது அது. 1975-இல் மாசசூசெட்ஸ் கடற்கரையின் பிராவின்ஸ்டவுனில் ‘ஃபேண்டசியா ஃபேர்’ என்ற ஒன்றுகூடல் தொடங்கியபோது இன்னொரு படி தாண்டப்பட்டது. மறைவான விடுதிக்குப் பதில் ஓர் ஊரே களமானது. சுற்றுலாக் கூட்டம் வடிந்த அக்டோபரில், கடைக்காரர்களும் உணவகக்காரர்களும் வாடிக்கையாளராக ஏற்றுக்கொண்ட தெருக்களில் அவர்கள் நடந்தார்கள்.

இதற்கு இணையான ஒன்று நம்மிடமே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு விரதமிருந்து, காப்பு கட்டி, நேர்ச்சைக்காக ஆண்கள் வேடம் அணிகிறார்கள். காளி, குறத்தி, மணப்பெண் என்று பல வேடங்கள். ஊர்தோறும் தசராக் குழுக்கள் கூடி, மேளத்தோடு வீதிவீதியாகப் போய்க் காணிக்கை பெற்று, கோயிலில் கொண்டுசேர்க்கின்றன. மீன்பிடிப்பவர், லாரி ஓட்டுபவர், கல்லூரி மாணவர் என்று எவரும் பாவாடை தாவணியில் கடைவாசலில் நிற்கிறார். கடைக்காரர் கும்பிட்டுக் காசு போடுகிறார். அந்த நாட்களில் அவருக்குக் கூச்சம் எங்கே போனது? அவர் மனம் ஓர் இரவில் இரும்பாகிவிடவில்லை. அவரோடு குழு நடக்கிறது; எதிரே நிற்கும் தெருவுக்கு அவரை எப்படி எதிர்கொள்வது என்று தெரிந்திருக்கிறது. இவை இரண்டும் அமைந்த இடத்தில் துணிச்சலைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை.

‘அது சாமி காரியம், இது ஆசை காரியம், இரண்டையும் ஒப்பிடலாமா’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேடத்தின் புனிதத்தைப் பக்தர்கள் உளமாரப் பேணுகிறார்கள். அதைத் தனிமனித விருப்பத்தோடு ஒன்றாக்க நான் முயலவில்லை. இரண்டின் நோக்கமும் வேறு. ஆனால் சேலை கட்டிய ஆணைக் கண்டால் தமிழ்ச் சமூகத்துக்கு இயல்பாகவே அருவருப்பு வரும், அதை மாற்ற முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்தத் தசரா ஒரு மறுப்பு. நாடகத்தில் ‘அவ்வை’யாக நடித்த டி.கே. சண்முகத்தை, அந்த வேடத்தைப் பெயரோடு சேர்த்து ‘அவ்வை சண்முகம்’ என்றே கொண்டாடிய மக்கள் நாம். மேடையிலும் திருவிழாவிலும் தரும் மரியாதையைச் சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் ஒரு தெருமுனையில் ஏன் தர முடியவில்லை என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஆபத்தைப் பற்றியது. துணிச்சல் வந்துவிட்டது என்று நம்பி இறங்குபவரை நாலு பேர் சூழ்ந்துகொண்டால் எந்த உளவியல் கட்டுரை காப்பாற்றும்? ஒன்றும் காப்பாற்றாது. அதனால்தான் துணிச்சலைத் தனிமனிதக் குணமாக மட்டும் பேசுவதை எதிர்க்கிறேன். அச்சத்தில் ஒரு பகுதி மிகை, ஒரு பகுதி சரியான கணக்கு. இரண்டாவது பகுதியை மதித்து, இடத்தையும் நேரத்தையும் தேர்ந்துகொண்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, திரும்பிவர வண்டி ஏற்பாட்டோடு போவது கோழைத்தனம் ஆகாது. சட்டம் எந்தப் பக்கம் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தில், ‘யூனக்’ (ஆண்மையற்றவர்) என்று பதிவு செய்யப்பட்டவர் பெண்போல் உடுத்திப் பொதுவீதியில் தோன்றினால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்று காலனி அரசு எழுதிவைத்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஒருவர் தம் பாலின அடையாளத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்று 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்ததால் ரோந்துக் காவலரின் தோரணை மறுநாளே மாறிவிடாது என்பதும் தெரிந்ததே. ஆனாலும் தாம் குற்றவாளி அல்ல என்று உறுதியாகத் தெரிந்தவர் பதில் சொல்லும் குரல் வேறாக இருக்கும்.

‘வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதாதா, எதற்கு ஊருக்குக் காட்ட வேண்டும்’ என்பார் சிலர். வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் வீட்டாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வது என்றே பொருள். ஒண்டுக் குடித்தனத்திலும் கூட்டுக் குடும்பத்திலும் பூட்டிக்கொள்ள ஓர் அறைகூட இல்லாதவர்கள் ஏராளம். பீரோவின் அடியில் ஒளித்த துணியை மனைவி கண்டெடுக்கும் நாள் இருவருக்கும் பேரிடி. அவர் முதலில் நினைப்பது வேறொரு பெண்ணைப் பற்றியாக இருக்கலாம். மனைவியின் அதிர்ச்சியை அற்பமாக்கிப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஏற்றுக்கொள்ளவும் மறுக்கவும் அவருக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் அந்த முடிவை எடுக்க அவருக்கு உண்மை தெரிய வேண்டும். மரீயைப் போல எல்லா மனைவியரும் விடுதி நடத்தப்போவதில்லை; தெருவில் முதல் துணையாக நடக்க முன்வருபவர் மனைவியாகவே இருப்பதும் நடக்காத காரியமில்லை. எப்படியானாலும் வெளியே போவதற்கு முந்தைய படி வீட்டில் ஒருவரிடமாவது சொல்வது.

வர்ஜீனியா பிரின்ஸிடம் ஒரு பெரிய குறை இருந்தது. தன் அமைப்பைத் தன்பால் விருப்பம் கொண்டவர்களுக்கும் பால்மாற்றம் நாடியவர்களுக்கும் அவர் மூடிவைத்தார். ‘நாங்கள் அவர்களைப் போல அல்ல, கௌரவமான குடும்பஸ்தர்கள்’ என்று சொல்லிப் பெற்ற தன்னம்பிக்கை அது. வேறொருவரைத் தாழ்த்தி எழுப்பிய அந்தக் கௌரவத்தை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் இந்தத் தவறு நேர்ந்தால் அது நன்றிகெட்ட செயலும் ஆகும். இங்கே சேலை கட்டிய உடலோடு பேருந்தில் ஏறி, ரேஷன் கடையில் நின்று, அடியும் வசையும் வாங்கித் தெருவைக் கொஞ்சமாவது பழக்கியவர்கள் திருநங்கைகள். 2008-இல் இந்தியாவிலேயே முதலாவதாக இங்கே திருநங்கையர் நல வாரியம் அமைந்ததற்குப் பின்னாலும் அவர்களுடைய போராட்டம் இருக்கிறது. இன்று மாலை தயங்கித் தயங்கி வெளியே வரும் கிராஸ்டிரெஸ்ஸர் அவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கிறார்.

தெரு பழகும் என்பதற்கு இன்னொரு சான்று பெண்களின் கால்சட்டை. பாரிஸில் பெண்கள் ஆணுடை உடுத்தக் காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்று 1800-இல் ஆணையிட்டார்கள். குதிரைச் சந்தைக்குப் போய் வரைவதற்காக ஓவியர் ரோசா போனர் அப்படி அனுமதிச்சீட்டு பெற்றவர். பெண்கள் அந்த ஆணையைப் பொருட்படுத்தாமல் உடுத்தி உடுத்தியே அதைச் செல்லாக்காசு ஆக்கினார்கள். அது செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறைப்படி அறிவித்தது 2013-இல்தான். கலைஞரான கிரேசன் பெர்ரி என்ற ஆண் 2003-இல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசைக் கவுன் அணிந்துகொண்டு வாங்கியதை உலகம் பார்த்தது. புகழ்பெற்ற ஒருவருக்கு மேடை தரும் பாதுகாப்பு, பெயர் தெரியாத ஒருவருக்குத் தெருவில் கிடைக்க வேண்டும். அது வாசகர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது. துணிக்கடையில், மருந்துக்கடையில், பேருந்தில் அப்படி ஒருவரைப் பார்த்தால் கைபேசியை உயர்த்திப் படம் எடுக்காதீர்கள். எடுப்பவரைத் தடுங்கள். எப்படி அழைப்பது என்று தெரியாவிட்டால் ‘நீங்கள்’ என்று பேசுங்கள். கேட்ட பொருளைக் கொடுத்து, மீதிச் சில்லறையைக் கையில் கொடுங்கள்.