அடுத்த மேனேஜர் யாரு? ஒரு சண்டையைப் பிரித்துப் பார்த்தபோது

2024 ஜனவரி 26. குடியரசு தின விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கிவிட்டேன். சாயங்காலம் எழுந்து போனை எடுத்தால், கூட மேட்ச் பார்க்கும் கூட்டாளிகளிடமிருந்து வரிசையாகச் செய்திகள். முதல் செய்தி என் சித்தப்பா பையனுடையது: "அண்ணே, போச்சு. க்ளாப் போறாராம்."

லிவர்பூல் கிளப்பின் மேனேஜர் யூர்கன் க்ளாப், அந்த சீசன் முடிந்ததும் விலகுகிறேன் என்று அறிவித்திருந்தார். உடம்பில் தெம்பு தீர்ந்துகொண்டே வருகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். 2015 அக்டோபரில் வந்தவர். 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் முப்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு இங்கிலாந்து லீக் பட்டம் என்று எல்லாம் வாங்கித் தந்தவர். எங்கோ கடல் தாண்டி இருக்கும் ஒரு ஊரின் கிளப்புக்காக இங்கே ராத்திரி கண் விழிக்கிற எங்களுக்கு, வீட்டுப் பெரியவர் ஒருத்தர் ஊரை விட்டுப் போகிற மாதிரி இருந்தது.

துக்கம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சண்டை ஆரம்பித்துவிட்டது. அடுத்து யாரு?

நான்கு மாதம் நடந்த அந்தச் சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்று அவ்வப்போது குறித்து வைத்தேன். அப்புறம் அந்தக் குறிப்புகளைப் புரட்டினபோது ஒரு விஷயம் தெரிந்தது. நாங்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னோமே தவிர, அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த வாதங்கள் மொத்தமே நாலுதான். எந்த கிளப் ரசிகர்களிடம் போனாலும் இதே நாலுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "நம்ம ஆளு வரணும்"

என்னுடைய வாதம் இதுதான். ஷாபி அலோன்சோ. 2004 முதல் 2009 வரை லிவர்பூலில் ஆடியவர். 2005 இஸ்தான்புல் இறுதிப் போட்டியில், 3-0 என்று பின்தங்கியிருந்த அணிக்கு மூன்றாவது கோல் போட்டு சமன் செய்தவர். அந்த நேரத்தில் ஜெர்மனியில் பேயர் லெவர்குசன் அணியை ஒரு தோல்விகூட இல்லாமல் நடத்திக்கொண்டிருந்தார். இதுக்கு மேல என்ன வேணும்?

ஆனால் "நம்ம ஆளு" என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2010-இல் ராய் ஹாட்சன் லிவர்பூலுக்கு வந்தார். அதற்கு முந்தைய சீசனில் ஃபுல்ஹாம் என்ற சின்ன கிளப்பை யூரோப்பா லீக் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். லிவர்பூலில் சரிப்படவில்லை. மைதானத்தில் ரசிகர்கள் பழைய நாயகன் கென்னி டால்கிலிஷின் பெயரைப் பாடினார்கள். 2011 ஜனவரியில் டால்கிலிஷ் வந்தே விட்டார். 2012-இல் லீக் கோப்பை கிடைத்தது. லீக்கில் எட்டாவது இடம். அந்த மே மாதமே அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

இதே கிளப்பில் எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1974-இல் பில் ஷாங்க்லி திடீரென்று விலகினபோது ஊரே கலங்கியது. அவர் இடத்துக்கு வந்தவர் அவருடைய உதவியாளர் பாப் பெய்ஸ்லி. அதிகம் பேசாத மனிதர். ஒன்பது சீசனில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. ஷாங்க்லியைவிட அதிகம் ஜெயித்தார்.

இரண்டு பேருமே "நம்ம ஆளு"தான். பெய்ஸ்லி வரும்போது அணி நல்ல நிலையில் இருந்தது, அதன் உள்வேலை முழுக்க அவருக்கு அத்துப்படி. டால்கிலிஷ் திரும்பி வந்தபோது அணி நொடிந்து கிடந்தது. ஆக, பாசம் ஒரு தகுதி இல்லை. உள்ளே நடப்பது தெரிந்திருப்பது தகுதியாக இருக்கலாம்.

வாதம் 2: "பெரிய பெயர் வேணும்"

அலுவலக நண்பர் ஒருவரின் வாதம் இது. பட்டங்கள் குவித்தவர்தான் வரவேண்டும், பரிசோதனை செய்ய இது பள்ளிக்கூட லேப் இல்லை என்பார்.

1996-இல் ஆர்சென் வெங்கர் ஜப்பானின் நகோயா கிளப்பிலிருந்து ஆர்சனலுக்கு வந்தபோது, லண்டனில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது. 1998-இல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் ஜெயித்தார். 2003-04 சீசனில் லீக்கில் ஒரு தோல்விகூட இல்லை. 2015-இல் லெஸ்டர் சிட்டி கிளாடியோ ரனியேரியை எடுத்தபோது ஏளனம் வேறு மாதிரி வந்தது. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கிரீஸ் தேசிய அணியின் கோச்சாக இருந்து, குட்டியூண்டு ஃபாரோ தீவுகளிடம் சொந்த ஊரிலேயே தோற்று வேலை இழந்தவராகத் தெரியும். அடுத்த மே மாதம் லெஸ்டர் லீக் சாம்பியன். சீசன் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் அதற்குக் கொடுத்த விலை ஒன்றுக்கு 5000. ஆனால் அடுத்த சீசன் முடிவதற்குள், 2017 பிப்ரவரியில், அதே ரனியேரியை அதே லெஸ்டர் நீக்கியது.

பெயரை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இந்த மூன்று முறையுமே நாம் தவறாகத்தான் சொல்லியிருப்போம்.

வாதம் 3: "பழையவர் கையைக் காட்டுபவர்தான் வாரிசு"

இதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். மான்செஸ்டர் யுனைடெட்டில் 1986 முதல் 2013 வரை இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன், எவர்ட்டனின் டேவிட் மோயஸைத் தன் வாரிசாகத் தேர்ந்தெடுத்தார். ஆறு வருட ஒப்பந்தம். மைதானத்தில் ரசிகர்கள் பெரிய பேனர்கூட வைத்தார்கள். முந்தைய சீசனில் 11 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வாங்கிய அணி, மோயஸின் சீசனை ஏழாவது இடத்தில் முடித்தது. அது முடிவதைக்கூட அவர் பார்க்கவில்லை, 2014 ஏப்ரலிலேயே வெளியே.

மோயஸ் மோசமான கோச் என்று சொல்லவில்லை. ஃபெர்குசன் பார்த்த வேலையை அந்த இடத்தில் வேறு யாராலும் பார்த்திருக்க முடியாது என்பதுதான் விஷயம். இதற்குத் திரும்ப வருகிறேன்.

வாதம் 4: "இப்ப யார் ஜெயிக்கிறாங்களோ அவங்களை எடு"

இதுதான் ரொம்ப நியாயமாகத் தெரிகிற வாதம். மாட்டிக்கொள்வதும் இதில்தான்.

காய்ச்சல் வந்தால் பொதுவாக நாலைந்து நாளில் இறங்கிவிடும். மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும்போது கஷாயம் குடிக்கிறோம். ஐந்தாம் நாள் சரியாகிவிடுகிறது. புகழ் கஷாயத்துக்கு! கிளப்புகளும் மேனேஜரை மாற்றுவது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான். அதனால் புதியவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரியத்தான் செய்யும்.

டச்சுப் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையான நெதர்லாந்து லீக்கை வைத்து இதைச் சோதித்தார். சரிவில் இருந்து மேனேஜரை நீக்கிய கிளப்புகள் ஒரு பக்கம். அதே அளவு சரிவு வந்தும் நீக்காத கிளப்புகள் மறு பக்கம். இரண்டு தரப்புமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி மீண்டு வந்தன.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஓலே குன்னர் சோல்ஷாரைப் பாருங்கள். 2018 டிசம்பரில் யுனைடெட்டுக்குத் தற்காலிகமாக வந்தார். முதல் 19 ஆட்டத்தில் 14 வெற்றி. "இன்னும் என்னய்யா யோசனை, கையெழுத்து வாங்குங்க" என்று ரசிகர்கள் கத்தினார்கள். 2019 மார்ச் 28-இல் நிரந்தரமாக்கினார்கள். சீசனில் மீதியிருந்த 10 ஆட்டத்தில் ஜெயித்தது 2.

பத்தொன்பது ஆட்டம் என்பது நமக்கு ஒரு யுகம். கணக்குப் போடுகிறவருக்கு அது சின்ன மாதிரி. கால்பந்தில் கோல் விழுவதே அபூர்வம் என்பதால் அதிர்ஷ்டத்துக்கு இடம் ரொம்ப அதிகம். கம்பத்தில் பட்டு உள்ளே போவதும் வெளியே போவதும் ஒரு மேனேஜரின் வேலையைத் தீர்மானித்துவிடும்.

பணம் என்ற விஷயம் தனி. சைமன் கூப்பரும் ஸ்டீஃபன் சிமான்ஸ்கியும் இங்கிலாந்து கிளப்புகளின் சம்பளச் செலவையும் லீக் இடத்தையும் பல வருடங்களுக்குச் சேர்த்து ஒப்பிட்டார்கள். கிளப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைச் சம்பளமே விளக்கிவிடுகிறது. அப்படியானால், ஒருவர் நாலாவது இடம் பிடித்தார் என்பது மட்டும் பெருமை இல்லை. எட்டாவது இடத்துக்கான சம்பளத்தில் நாலாவது இடம் பிடித்தாரா என்பதுதான் கேள்வி.

கிளப் என்ன பார்த்தது?

இந்தக் கேள்வியை லிவர்பூல் முன்பே கேட்டிருந்தது. 2014-15 சீசனில் க்ளாப்பின் டார்ட்மண்ட் அணி ஒரு கட்டத்தில் ஜெர்மன் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்து, கடைசியில் ஏழாவதாக முடித்தது. க்ளாப் சரக்கு தீர்ந்துபோனவர் என்று சொன்னவர்கள் உண்டு. லிவர்பூலில் ஆய்வுப் பிரிவை நடத்திய இயற்பியலாளர் இயன் கிரஹாம், அந்த அணி உருவாக்கிய வாய்ப்புகளையும் எதிரணிகளுக்குக் கொடுத்த வாய்ப்புகளையும் கணக்கிட்டுப் பார்த்தார். ஆட்டத்தின் தரப்படி டார்ட்மண்ட் இரண்டாவது இடத்தில் இருந்திருக்க வேண்டும், அமைந்தது துரதிர்ஷ்டம் என்பது அவர் முடிவு.

2024-இல் கிளப் செய்த முதல் வேலையே எங்கள் சண்டையில் யாருக்கும் தோன்றாத ஒன்று. மார்ச்சில் மைக்கேல் எட்வர்ட்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டு இயக்குநராக நியமித்தார்கள். ஆட்களை வாங்குவது, விற்பது, அணியைக் கட்டுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. அதற்கப்புறம்தான் மைதானத்துக்கு ஆள் தேடினார்கள். அப்படி வந்தவரின் பதவிப் பெயர் மேனேஜர்கூட இல்லை, ஹெட் கோச்.

இதை அப்போதே சரியாகப் பிடித்தவன் என் சித்தப்பா பையன் மட்டும்தான். பிப்ரவரியில் ஒரு நாள் நான் அலோன்சோ புராணம் பாடிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "அண்ணே, என்ன வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னே தெரியாம, யாரை எடுக்கணும்னு எப்படிண்ணே சொல்றீங்க?" சின்னப் பையன் பேசுறான் என்று நான் காதில் வாங்கவில்லை.

மார்ச் 29-இல் அலோன்சோ லெவர்குசனிலேயே இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் அணியின் ரூபன் அமோரிம் பெயர் அடிபட்டது. அவரும் அலோன்சோவும் பின்வரிசையில் மூன்று தடுப்பாளர்களை வைத்து ஆடுகிறவர்கள். லிவர்பூல் அணி நான்கு பேர் பின்வரிசைக்காகக் கட்டப்பட்டது. கடைசியில் வந்தவர் நெதர்லாந்தின் ஃபயனூர்டிலிருந்து ஆர்னே ஸ்லாட்.

"யாருடா இவரு?" என்று நானும் கேட்டேன். மேலே வெங்கர் கதையை எழுதின அதே ஆள்தான்.

ஆனால் ஸ்லாட்டின் கணக்கைப் பாருங்கள். 2019-20-இல் ஏ.இசட் என்ற சிறிய கிளப்பை வைத்துக்கொண்டு, கொரோனாவால் லீக் நின்றபோது அயாக்ஸுடன் புள்ளியில் சமமாக இருந்தார். அயாக்ஸ் அளவுக்குப் பணம் இல்லாத ஃபயனூர்டை 2022-23-இல் சாம்பியனாக்கினார். முக்கியமான ஆட்டக்காரர்கள் விற்கப்பட்டபோதும் அணி கீழே விழவில்லை. ஆடின முறை க்ளாப்பின் அணிக்குத் தூரமில்லை. கைச் செலவுக்கு மேல் விளைச்சல், இருக்கிற ஆட்களுக்குப் பொருந்துகிற ஆட்டமுறை, அடுத்தவர் கட்டிய அமைப்புக்குள் வேலை பார்க்கிற மனசு. எங்கள் நாலு வாதத்தில் எதிலும் அவர் பெயர் வந்திருக்க வழியே இல்லை.

2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹாமை 5-1 என்று ஜெயித்து, நாலு ஆட்டம் மீதமிருக்கும்போதே லிவர்பூல் லீக் சாம்பியன். அந்த சீசனில் அவர் அணிக்குள் புதிதாக வந்து ஆடியவர் கியேசா ஒருவர்தான். அன்றைக்கு ராத்திரி தம்பிக்குப் போன் போட்டு, "நீ சொன்னதுதான்டா சரி" என்றேன். "எதுண்ணே?" என்றான். அவனுக்கே மறந்துபோயிருந்தது.

அப்போ கிளப் சரி, ரசிகன் தப்பா?

இங்கே முடித்திருந்தால் கட்டுரை அழகாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த சீசன் வந்துவிட்டது. 2025 கோடையில் விர்ட்ஸ், இசாக் என்று இங்கிலாந்திலேயே பெரும் விலைக்கு ஆட்களை வாங்கினார்கள். ஜூலையில் டியாகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்துபோனார். இலையுதிர் காலத்தில் ஒரு கட்டத்தில் 12 ஆட்டத்தில் 9 தோல்வி. அதே ஸ்லாட். அதே நாற்காலி. ரசிகர்கள் மறுபடியும் ஆரம்பித்தார்கள்: அடுத்து யாரு?

ஒரு பட்டத்தை வைத்து அவரை மேதை என்பதும், ஒன்பது தோல்வியை வைத்து லாயக்கில்லாதவர் என்பதும் ஒரே தவறுதான் என்று இப்போது படுகிறது. கூடவே, நண்பனை இழந்த ஒரு டிரெஸ்ஸிங் ரூமை எந்தக் கணக்கும் அளந்து சொல்லாது.

அதனால் சண்டையை நிறுத்தச் சொல்லவில்லை. 1973-இல் பிரையன் கிளஃப் டார்பி கவுண்டியை விட்டு விலகியபோது, அவரைத் திரும்பக் கொண்டுவர ரசிகர்கள் ஊர்வலமே போனார்கள். கிளப் கேட்கவில்லை. ஆனால் அந்த கிளப் யாருடையது என்று அவர்கள் உரக்கச் சொன்னார்கள். நாங்கள் நாலு மாதம் போட்ட சண்டையும் பாதி அதுதான். போகிற மனிதரை நினைத்து அழுவதற்குப் பதில் வருகிற மனிதரைப் பற்றிச் சண்டை போட்டோம்.

அடுத்த முறை உங்கள் கிளப்புக்கு இந்த நிலை வந்தால், பெயரைச் சொல்லும் முன் மூன்று கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். என்ன வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்? அவர் ஜெயித்ததில் பணத்தின் பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? இப்போது இருக்கிற ஆட்டக்காரர்களுக்கு அவர் முறை பொருந்துமா?

இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு அப்புறம் தாராளமாகச் சண்டை போடுங்கள். பக்கத்தில் யாராவது சின்னப் பையன் ஏதாவது கேட்டால், கொஞ்சம் காது கொடுங்கள்.