மலை ஏறும் கால்களுக்கும் சீனி வருத்தம் வரும்

தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களில் விடிந்ததும் பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போய், நாள் முழுக்கச் சரிவில் கொழுந்தெடுத்து, சுமையோடு நிறுவைக்கு இறங்கும் பெண்களிடம் "தினமும் நடங்கள்" என்று யார் சொல்ல முடியும்? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. அவர்கள் அதை ஓரிரு நாளிலேயே தாண்டிவிடுகிறார்கள். ஆனாலும் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் (நீரிழிவுக்கும்) கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் லயங்களிலும் இருக்கிறார்கள்.

உடலசைவு இதயத்தைக் காக்கும் என்பதில் சந்தேகமில்லை. லண்டன் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் ஆய்வாளர் ஜெரி மொரிஸ் காட்டினார். ஆனால் கூலிவேலையின் உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல. ஓய்வை நாமே தீர்மானிக்க முடியாத கடும் வேலையில் இருக்கும் ஆண்கள் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதல் என்று 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அப்படியானால் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கான ஆபத்தை அடுப்படியிலும் தேட வேண்டும்.

தேத்தண்ணியும் வெற்றிலையும்

கோதுமை மா ரொட்டி, உப்புத் தூக்கலான சம்பல், கருவாடு, சீனி போட்ட தேத்தண்ணி: குறைந்த கூலியில் வயிற்றை நிரப்பும் சாப்பாடு இது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். சேர்க்கும் சீனி ஏறத்தாழ 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது. கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் மூன்று கோப்பையில் கணக்கு முடிந்தது. 2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் உண்டு. வீட்டுத் தேத்தண்ணிக்கு அந்த எச்சரிக்கை இல்லை. பசியை அடக்க மெல்லும் வெற்றிலை, பாக்கு, புகையிலை வாய்ப்புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைச் சுருளும் புற்றுநோய் தருவதே என 2004இல் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

வேலை நின்ற பிறகு

இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். ஓய்வுபெற்ற அம்மாவும், கொழும்புக் கடையில் கல்லாவில் உட்கார்ந்த மகனும் மலையில் உழைத்தவர் சாப்பிட்ட அளவையே சாப்பிட்டால், சீனி இரத்தத்தில் தங்கும்.

தடுக்க முடியுமா? சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் ஆராய்ந்து 2006இல் விடை தந்தது. சாப்பாட்டையும் நடையையும் சீராக்கியவர்களிடம் மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு, அப்படிச் செய்யாதவர்களைவிட 28.5 சதவீதம் குறைந்தது.

ஆகவே தேத்தண்ணியில் சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறையுங்கள். ரொட்டியோடு பருப்பும் கீரையும் சேருங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் அரசின் இலவசப் பரிசோதனைக்குப் போங்கள். ஆனால் வேலைக்குப் போகாத நாளில் பேர் (அன்றைய வேலைக் கணக்கு) விழாது, கூலியும் கிடைக்காது. அதனால்தான் பலர் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறார்கள். தோட்ட நிர்வாகங்கள் கிளினிக் நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும். தேயிலைக்காக உடலைக் கொடுப்பவர்களுக்கு, அந்த உடலைக் காட்டிவர ஒரு நாள் கூலி பெரிய செலவல்ல.