டெல்டா டாக்டர்கள் – 11: நாற்பதுக்குப் பிறகு எந்தத் துறை?

எம்.பி.பி.எஸ். சேர வயது உச்சவரம்பு இல்லை என்று 2022-ல் ஆனதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு முன்பே, 2020 கடைசியில், ஒடிசாவின் புர்லா கல்லூரியில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் 64 வயதில் சேர்ந்துவிட்டார். சேரலாம், சரி. எதில் நிபுணர் ஆவது?

நாற்பதில் சேர்ந்தால் ஹவுஸ் சர்ஜன் ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருடம். எம்.டி., எம்.எஸ். மூன்று வருடம். நடுவில் நீட் பி.ஜி.க்குப் படிப்பதையும் கணக்கில் எடுத்தால் ஐம்பது வந்துவிடும். தமிழக அரசுப் பணியில் ஓய்வு அறுபதில். அதனால்தான் பார்க்கிறவர்களெல்லாம், "நைட் டியூட்டி இல்லாததா எடுங்க சார்" என்கிறார்கள். அதாவது தோல் அல்லது ரேடியாலஜி. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். கவுன்சலிங்கில் முதலில் தீர்ந்துபோகும் இடங்கள் அவை.

வயது கூடிய பி.ஜி. மாணவர் நமக்குப் புதியவர் அல்ல. 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உட்பட அரசுக் கல்லூரிகளுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, குடும்பம் குட்டியோடு பி.ஜி. படிக்க வருகிறவர்கள் உண்டு. சர்வீஸ் கோட்டா. இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. இவர்களுக்கு ஒரு வசதி: தன் ஊரில் எந்த டாக்டர் இல்லாமல் நோயாளியை மேலே அனுப்ப வேண்டியிருந்தது என்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நெல் விளையும் ஊரில் பாம்புக்கடி அப்படியொரு பாடம். கண்ணாடி விரியன் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாகமும் கட்டுவிரியனும் மூச்சுத் தசைகளை முடக்கும். விஷமுறிவு மருந்தைச் சிறிய ஆஸ்பத்திரியிலேயே ஏற்றிவிடலாம். மூச்சு நின்றால் தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டும். அதில் தேர்ந்த கை மயக்க மருந்து டாக்டருடையது. சிசேரியனுக்கும் அவர்தான் வேண்டும். நோயாளிக்கு அவர் பெயர்கூடத் தெரியாமல் போகும். புகழ் ஆசை தணிந்த வயதுக்கு இது பொருந்தும் என்பேன். ஆனால் நைட் டியூட்டி உண்டு.

இரவுகள் குறைவாக வேண்டுமா? கண் இருக்கிறது. கதிர் அடிக்கும்போது பதரோ தாளோ கருவிழியைக் கீற, பூஞ்சைப் புண்ணாகிப் பார்வையே போனவர்கள் வயற்காட்டு ஊர்களில் உண்டு. நாற்பதின் வெள்ளெழுத்தை நினைத்துத் தயங்க வேண்டாம், நுண்ணோக்கியை அவரவர் கண்ணுக்குத் திருத்திக்கொள்ளலாம். வாத்தியாராகவோ நிர்வாகத்திலோ இருந்து வந்தவருக்குச் சமூக மருத்துவம் ஒத்துவரும். பொதுச் சுகாதாரத்துக்கென 1939-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது.

எதுவானாலும் ஹவுஸ் சர்ஜன் ஆண்டிலேயே சோதித்துவிடுங்கள். மயக்கவியலுக்கு இரண்டு வாரம்தான் தருகிறார்கள். அதில் இரவு டியூட்டியைக் கேட்டு வாங்கி, மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கும் நின்று பாருங்கள்.

(தொடரும்)